கடைசியாக எதில் கை வைத்தீர்கள்? மாற்றியமைத்த ஜீப்பில் கோளாறு தேடும் வழி

பொள்ளாச்சியில் நான் வண்டி விடும் பட்டறைக்காரருக்கு ஒரு பழக்கம். வண்டி உள்ளே நுழைந்ததும் பானட்டைத் திறக்க மாட்டார். டீயை ஆற்றிக்கொண்டே, “தம்பி, கடைசியா இதுல எதுல கை வெச்சீங்க?” என்பார். “ஒண்ணுமில்லீங்கண்ணா” என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கம் பார்த்துவிட்டு நிமிர்வார். பத்தில் எட்டு தடவை, நான் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன அந்த ஒன்றில்தான் கோளாறு இருந்திருக்கும்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி ஜிப்சி. முன்னும் பின்னும் நேர் ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது), நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். கூட்டாளிகள் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த தப்புகளிலிருந்து தேறியதுதான் கீழே வருவது. உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். ஒரே வாரத்தில் ஸ்பிரிங், டயர், ரிம், ஸ்டியரிங் டேம்பர் நான்கையும் மாற்றிவிட்டு “வண்டி ஆடுது” என்று வந்தால், எதனால் ஆடுகிறது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது.

60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் போகிறது.

முதல் வகை: நல்ல ரோட்டிலும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில், உதாரணமாக 70 முதல் 85 வரை, மெல்லிய அதிர்வு. வேகம் கூடினாலோ குறைந்தாலோ போய்விடும். இது பெரும்பாலும் சக்கர பேலன்ஸ். பேலன்சிங் கடைக்கு ஓடுவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். செம்மண் சேறு ஒரு கைப்பிடி ஒட்டிக் காய்ந்திருந்தால் அதுவே போதும், ஸ்டியரிங் நடுங்க. குச்சியால் சுரண்டி, தண்ணீர் அடித்தால் சரியாகிவிடும். காசில்லாத வைத்தியம்.

இரண்டாம் வகை: ஒரு சின்னப் பள்ளத்திலோ பாலத்து இணைப்பிலோ முன்சக்கரம் விழுந்ததும் ஸ்டியரிங் இடம் வலமாகப் பேயாட்டம் ஆடத் தொடங்கும். வேகம் நன்றாகக் குறையும் வரை நிற்காது. நேர் ஆக்சில் வைத்த வண்டிகளில் வரும் வியாதி இது. ஓடும்போது வந்துவிட்டால் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள், பிரேக்கை அலறி மிதிக்காமல் மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

என் ஜிப்சிக்கு இது வந்தபோது நான் செய்தது சுத்தமான மடத்தனம். புது ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போட்டேன். ஆட்டம் நின்றது. மூன்று மாதம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். பிறகு உடுமலை ரோட்டில், முன்னைவிடப் பலமாக, திரும்பி வந்தது. டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும். ஆட்டத்தின் காரணத்தைத் தொடாது. காய்ச்சல் மாத்திரை மாதிரி.

சரியான வரிசை இது. டயர் காற்றழுத்தமும் பேலன்சும் முதலில். அடுத்து, இன்னொருவரை உட்கார வைத்து, இன்ஜின் ஓடும்போது ஸ்டியரிங்கை ஒரு சாண் அளவுக்கு இடம் வலம் விரைவாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். கண்ணை நம்பாமல் இணைப்பின் மேல் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ‘டிக்’ விரலுக்குத் தெரியும். டை ராடு எண்ட், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) எண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட் என்று ஒவ்வொன்றாக. ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டி என்றால், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் லேட்டரல் ராடின் இரு முனைகளையும் விடாமல் பாருங்கள். அந்த போல்ட் ஓட்டை ஒரு நூல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வரும். பட்டை வண்டியில், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டும். புதுப் பட்டை போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டரில் யு-போல்ட் தளரும். மறுபடி இறுக்கியாக வேண்டும். இதை எந்தக் கடையிலும் உங்களுக்கு நினைவுபடுத்த மாட்டார்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. மேலே தள்ளி, கீழே இழுத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின் பேரிங். பிரேக் மிதித்ததும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நக்கிளும் (ஹப்பைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்பும் பகுதி) ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால் நடுவிலிருக்கும் வீல் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாது. நக்கிளைத் தாங்கும் கிங்பின்னின் ஆட்டம் மட்டும் கைக்கு வரும். என் வண்டியில் மூன்று மாதமும் ஒளிந்திருந்தது அதுதான். பெரிய டயர் போட்ட நாளிலிருந்து அந்த பேரிங் தின்ற அடியை டேம்பர் எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது.

திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நேர் ரோட்டில் வண்டி அலைகிறது

வண்டியின் உயரத்தை ஏற்றிய அன்றே இது தொடங்கியிருந்தால் காஸ்டர் கோணம் போயிருக்கிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டும் சைக்கிள் ஓட்ட முடிவதில் அந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. ஜீப்பிலும் நக்கிளின் மேல்பகுதி ஓட்டுநர் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஜிப்சியில் முன்பக்கம் நீளமான ஷாக்கிள் போட்டு இரண்டு இஞ்ச் ஏற்றினால் பட்டையின் முன்முனை கீழே இறங்கி, ஆக்சில் முன்பக்கமாகச் சுருண்டு, இந்தச் சாய்வு குறைந்துவிடும். ஜிம்னியில் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினாலும் அதே கதி.

அலைன்மென்ட் கடையில் “எல்லாம் ஓகே சார்” என்பார்கள். நேர் ஆக்சிலில் அவர்களால் திருப்பி வைக்க முடிவது டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) ஒன்றைத்தான், அது ஓகேதான். காஸ்டர் எத்தனை டிகிரி என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுவதற்கு முன் எடுத்த தாள் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

பட்டை வண்டிக்கு வைத்தியம் ஆப்பு. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் இரும்பு ஆப்பு. எந்தப் பக்கம் தடித்த முனை என்பதைக் கவனியுங்கள். மாற்றி வைத்தால் இருக்கிற கொஞ்சமும் போகும். காயில் வண்டிக்கு மையம் விலகிய புஷ் கிடைக்கிறது. எதைச் செய்தாலும் ஆக்சில் சுழல்கிறது, கூடவே ஆக்சிலின் நடுவே கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியலின் மூக்கும் சுழல்கிறது என்பதை மறக்காதீர்கள். அளவுக்கு மீறி ஆப்பு வைத்தால் ஃபோர் வீலில் போகும்போது முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் முனக ஆரம்பிக்கும்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வண்டி தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது என்றால் அது காஸ்டர் இல்லை. உயரம் ஏறியதால் டிராக் லிங்க் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கும். ஸ்டியரிங் வீல் நேராக இல்லாமல் கோணலாக நிற்பதும் இதன் அடையாளம்தான். வீலைக் கழற்றி நேராக மாட்டுவது ஒப்பனை. டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து, சாய்வையும் குறைக்க வழி பார்க்க வேண்டும்.

பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, அல்லது பின்பிரேக் பிடிக்கவே இல்லை

இந்த அறிகுறி இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் பாருங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டாம்.

இரண்டு இஞ்ச் ஏற்றிய வண்டியில் பலர் விட்டுவிடுவது பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாய். சமதளத்தில் நிற்கும்போது தொய்வாகத்தான் இருக்கும். காட்டில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, அதுவும் ஸ்டியரிங் முழு லாக்கில் இருக்கும்போது, ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைக்கும். உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. சோதிக்க, சேசிஸின் அடியில் ஸ்டாண்ட் வைத்து ஆக்சிலை முழுதாகத் தொங்க விடுங்கள். ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஹோஸை விரலால் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் நீளமான ஹோஸ் வாங்கும் வரை வண்டியை வீட்டில் நிறுத்துங்கள். ஏபிஎஸ் வயரும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகிறது. லிஃப்ட் போட்ட (உயரம் ஏற்றிய) மறுநாள் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் ஸ்கேனுக்கு முன் அந்த வயரைப் பாருங்கள்.

மிதி சரியாக இருந்தும் பின்சக்கரம் பிடிக்காமல், முன்பக்கம் மட்டும் குத்துகிறதா? பல வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். சுமை ஏற ஏற சேசிஸ் கீழிறங்கும், கம்பி நகரும், வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். நீங்கள் ஸ்பிரிங்கை உயர்த்தியதும் அந்த வால்வு ‘வண்டி காலியாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறது. ஆறு பேரும் கூடாரமும் ஏறினாலும் அதற்குத் தெரியாது. கம்பியின் பிடிமானத்தை எத்தனை ஏற்றினீர்களோ அதற்கேற்ப மாற்றி, கம்பெனி கையேட்டில் சொன்ன நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைத் தெரியாத பட்டறைகள் பிரேக் ஷூவை மாற்றி பில் போடும்.

மூன்றாவது காரணம் எளிது: டயர் பெரிதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது, பிரேக் அதேதான். நிற்கும் தூரம் கூடத்தான் செய்யும். மலை இறங்கும்போது ஒரு கியர் கீழே வைத்துப் பழகுங்கள்.

திருப்பும்போது ‘டக் டக் டக்’, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது

தனித்தனி முன் சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளுக்கான பகுதி இது. 2020-இல் வந்த புதுத் தார் அந்த வகை. அதற்கு முந்தைய சிஆர்டிஇ டீசல் தாரும் அப்படித்தான், டார்ஷன் பாரோடு (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி). பழைய தாரில் டார்ஷன் பார் போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கினால் முன்பக்கம் ஏறிவிடும். செலவே இல்லாத லிஃப்ட் என்று பத்து நிமிடத்தில் செய்து தருவார்கள். ஆனால் ஸ்பிரிங் அங்கே நீளவில்லை, சக்கரம் கீழே இறங்கும் இடம்தான் சுருங்கியிருக்கிறது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது ‘தடக்’ என்று உலோகம் மோதுவது அதனால்தான். கூடவே ஆக்சில் ஷாஃப்ட்டின் சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட்டைச் சுழல விடும் இணைப்பு) எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுழல்கிறது. ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. கிழிந்த வழியே கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. அதற்குப் பிறகுதான் அந்த ‘டக் டக்’.

பூட் மட்டும் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டுத் தப்பிக்கலாம். சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்ட்டை மாற்றுவதுதான். அதோடு நிறுத்தாமல் உயரத்தையும் குறையுங்கள். இல்லாவிட்டால் புது ஜாயிண்ட்டும் அதே பாதையில் போகும். புதுத் தாரில் ஸ்ட்ரட்டின் மேல் ஸ்பேசர் வைத்து ஏற்றுபவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

பின்பக்கமிருந்து ரீங்காரம், காலடியில் அதிர்வு

உயரம் ஏறினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சாய்வு கூடும். கிராஸ் ஜாயிண்ட் இரு முனையிலும் சமமான கோணத்தில் இருந்தால் ஒன்றின் குலுக்கலை மற்றது அடித்துவிடும். ஒரு முனை மாறினால் குலுக்கல் மிஞ்சும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் இங்கேதான் தேட வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டியவர் இரு முனை யோக்கையும் (கிராஸ் ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே வாட்டத்தில் மாட்டினாரா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும். பட்டறைக்காரர்கள் கழற்றும் முன் வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போடுவது இதற்குத்தான்.

டயர் உரசுகிறது, வண்டி மந்தமாகிவிட்டது

ஜிப்சி கிங்குக்கு வந்த டயர் 205/70 ஆர்15. கணக்குப் போட்டால் விட்டம் 668 மி.மீ. எல்லோரும் ஆசைப்படும் 235/75 ஆர்15-க்கு 733.5 மி.மீ. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். அதாவது எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிட்டது. வால்பாறை ஏற்றத்தில் மூன்றாம் கியர் இழுத்த இடத்தில் இனி இரண்டாம் கியர். மீட்டர் 80 காட்டும்போது டயர் மாற்றத்துக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் ஓடோமீட்டர் காட்டும் தூரத்தை 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள். பாதிப் புலம்பல் தீரும்.

உரசலைப் பட்டறைத் தரையில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரு பக்க முன்சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, முழு லாக் திருப்பிப் பார்க்க வேண்டும். உரசுகிறது என்று வீல் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவது நம்மூரில் பரவலான வைத்தியம். உரசல் போகும், ஸ்டியரிங் கனக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும், ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை உதைக்கும். ஸ்பேசர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஹப்பின் மையத்தில் பொருந்தி உட்காரும் வகையாக இருக்கட்டும். ரிம்முக்கேற்ற நட் முக்கியம்: கூம்பு வடிவ இருக்கைக்குக் கூம்பு நட், உருண்டைக்கு உருண்டை. மாற்றிப் போட்டால் இறுக்கம் கைக்குச் சரியாகத் தெரியும், ரோட்டில் தளரும். நூறு கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்குங்கள்.

ஒரு சங்கதி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வாடகை ஜீப்புகளைக் கவனித்துப் பாருங்கள். 7,000 அடிக்கு மேலே, பாறையும் பள்ளமுமாக இருக்கும் வழியில் தினமும் விடியற்காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒல்லியான டயர், பட்டை ஸ்பிரிங், கயிறு கட்டிய ஸ்டெப்னி. அவர்களிடம் லிஃப்ட் கிட் பற்றிக் கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டு, “காத்த கொஞ்சம் இறக்கிக்குங்க சார்” என்றார். அதைவிட மலிவான மாற்றம் எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி ரோடு ஏறியதும் காற்றடிக்க ஒரு பம்பு மட்டும் கையில் இருக்க வேண்டும்.

காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது, அல்லது வயர் தீயும் வாடை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மாலை மூடுபனியில் பாதி ஏறியிருப்பேன், பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் நானே இழுத்த ஃபாக் லைட் வயர், பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வரை, தொட முடியாத சூடு. ரிலே (சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் பெட்டி) வைக்கவில்லை. ஃபியூஸ் வைத்திருந்தேன், ஆனால் விளக்குப் பக்கத்தில். அதற்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்த இரண்டு மீட்டர் வயருக்குக் காவல் யாருமில்லை. பானட் விளிம்பில் உரசி உறை கிழிந்த இடம் அங்கேதான்.

ஃபியூஸ் விளக்கைக் காக்க இல்லை, வயரைக் காக்க. ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கணக்கு எளிது: வாட்ஸை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 55 வாட்ஸ் விளக்கு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், ஒரு ரிலே. ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-க்கு விளக்கு, 85, 86 இரண்டில் ஒன்றுக்கு சுவிட்ச், மற்றதுக்கு எர்த்.

விளக்கு மங்கலாக எரிந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், விளக்கு முனையில் 12 வோல்ட் என்றால் நடுவே இரண்டு வோல்ட்டை வயரோ எர்த்தோ தின்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் எர்த். பெயின்ட்டின் மேல் போல்ட் வைத்து முறுக்கியிருப்பார்கள். சுரண்டி, வெள்ளி தெரிய இரும்பைக் காட்டி, மறுபடி மாட்டுங்கள்.

பேட்டரி ராத்திரியில் இறங்குகிறது என்றால், சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரைமணி நேரம் கழித்து மைனஸ் முனையில் மீட்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. மூன்றே நாளில் சின்ன பேட்டரி படுத்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் முள் இறங்குகிறதோ அது குற்றவாளி. நீங்கள் பின்னால் சேர்த்த கேமராவும் ஆம்ப்ளிஃபயரும் ஃபியூஸ் பெட்டியில் இருக்காது, அவற்றின் வயரை நேராகக் கழற்றிப் பாருங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் காற்று உள்ளே போகவில்லை: புது இரும்பு பம்பர், வின்ச், கிரில்லை மறைத்த எல்ஈடி பார், ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேறு. விளக்கு பாரை ஒரு நாள் கழற்றி வைத்து ஓட்டினால் தெரிந்துவிடும். மலையில் மெதுவாக ஏறும்போதோ டிராஃபிக்கிலோ மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம் பாருங்கள். முக்கியமாக, ஏதோ வேலைக்காக ஃபேன் உறையைக் கழற்றி, “பரவாயில்லை” என்று திரும்ப மாட்டாமல் விட்டீர்களா? அந்த உறை இல்லாமல் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, தன்னைச் சுற்றியே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஆற்றில் இறங்கி வந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயில் காபி நிறம்

ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டதும் பலருக்கு வண்டி படகாகிவிட்டது என்ற நினைப்பு. இன்ஜின் மூச்சுக்கு ஸ்நார்க்கல். ஆக்சிலின் மூச்சுக்கு என்ன வைத்தீர்கள்? ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த ஓட்டை வழியாக இழுக்கும். மூச்சுத் துளை தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் மூச்சுக் குழாய்களையும் நீட்டி இன்ஜின் அறையின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். காபி நிறம் வந்துவிட்டால் ஆயிலை அன்றே மாற்ற வேண்டும், “அடுத்த சர்வீஸில்” கதை வேண்டாம்.

ஸ்நார்க்கல் சரியாக அடைத்திருக்கிறதா என்று தெரிய, ஏர் ஃபில்டருக்கு அந்தப்புறம், இன்ஜின் பக்கக் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புழுதி ஒட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. புழுதி போகும் இடத்தில் தண்ணீரும் போகும். ஏர் பாக்ஸின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையை மறந்துவிடுவது வழக்கமான தவறு. புதுத் தாருக்குக் கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 650 மி.மீ. ஸ்நார்க்கல் போட்டாலும் வண்டியின் மின்சாரப் பெட்டிகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

ஃபோர் வீல் லீவர் சிக்கிக்கொண்டு வரவில்லை

பின்னால் புது டயர், முன்னால் தேய்ந்த டயர். வேறொன்றும் வேண்டாம். நம் வண்டிகளில் முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே, இரண்டின் சுழற்சி வித்தியாசத்தைச் சமாளிக்க, டிஃபரன்ஷியல் கிடையாது. விட்டம் பத்து மி.மீ. வித்தியாசப்பட்டாலே முறுக்கம் ஏறி கியர் பற்கள் இறுகிக்கொள்ளும். லீவரைக் காலால் உதைக்காதீர்கள். மண்ணில் நேராகச் சில மீட்டர் பின்னோக்கி எடுங்கள், தானே விடும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினாலும் இதேதான்.

சோதனைச் சாவடியில் ஓரங்கட்டச் சொல்கிறார்கள்

இதையும் ஒரு அறிகுறியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தை விடுங்கள், ஏர்பேக் உள்ள வண்டியில் முன்னால் இரும்புத் தூண் மாட்டினால் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போகும் விதமே மாறிவிடுகிறது. என் கூட்டாளி ஒருவர் இதைக் கேட்டதும் மறுவாரமே கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். கழற்றக்கூடிய மாற்றங்களின் மூலப் பாகங்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனி ஸ்பிரிங்கும் பம்பரும் என் வீட்டு மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன.

எதிரே வருபவர்கள் எல்லாம் டிம் அடிக்கச் சொல்கிறார்கள்

முன்பக்கம் மட்டும் ஏற்றியிருப்பீர்கள். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. சுவருக்கு நேராக நிறுத்தி, ஏற்றுவதற்கு முன் வெளிச்சம் விழுந்த உயரத்துக்குத் திருகிக் கொண்டுவாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பஞ்சர் ஆனபோதுதான் தெரிந்தது

உயரம் ஏறிய வண்டிக்குக் கம்பெனி ஜாக்கி எட்டாது. பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவில் விட்டிருந்தால், அதை மாட்டி ஃபோர் வீலில் போனால் மேலே சொன்ன லீவர் கதைதான். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை நான்கு சக்கரத்தையும் தூக்கிப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு முழ நீளத்துக்குத் தடித்த வேப்பம்பலகை ஒன்றை நான் பின்சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஈர மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்கவும் அதுவே.